மனச்சுமைக்கு அளவுகோல் உண்டா?

ஆடி மாதம் பூர நட்சத்திரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கோயிலின் பெரிய தேர் புறப்படுகிறது. ஆயிரக்கணக்கானோர் வடம் பிடிக்கின்றனர். அந்த வடத்தில் எவ்வளவு இழுவிசை இருக்கிறது என்று கேட்டால், இயற்பியல் படிக்கும் நீங்கள் தயங்க மாட்டீர்கள். "தக்கதொரு விசைமானியை இணைத்து அளந்துவிடலாம், விடை நியூட்டனில் வரும்" என்பீர்கள். சரிதான். அதே வடத்தின் ஓரமாக, கூட்டம் சக்கரத்தின் பக்கம் சாய்ந்துவிடாதபடி இரு கைகளையும் விரித்து நிற்கிறாரே ஒரு காவலர், அவரைப் பாருங்கள். விடியற்காலையிலிருந்து நிற்கிறார். எப்போது வீடு திரும்புவோம் என்பது அவருக்கே தெரியாது. ஒரு குழந்தை கால் இடறி விழுந்தாலும் பொறுப்பு அவருடையது. அவருடைய மனத்தில் இருக்கும் இறுக்கம் எவ்வளவு? அதை எந்தக் கருவியால் அளப்பது? விடை எந்த அலகில் வரும்?

வேடிக்கைக் கேள்வி என்று ஒதுக்கிவிடாதீர்கள். காவலர், செவிலியர், பேருந்து ஓட்டுநர், ஆசிரியர் எனப் பல தொழிலினரின் பணி அழுத்தத்தை அளப்பதற்காக உலகெங்கும் கருவிகள் உருவாக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று நம் நாட்டில், காசியில் உருவானது. அந்தக் கருவிகளில் முள் கிடையாது, பாதரசம் கிடையாது, மின்கலம் கிடையாது. ஆனாலும் அவை அளவுக் கருவிகளே. ஆய்வுக்கூடத்தில் வெர்னியர் அளவிக்கும் திருகு அளவிக்கும் நீங்கள் கடைப்பிடிக்கும் விதிகள் அவற்றுக்கும் உண்டு. எப்படி என்று பார்ப்போம்.

கடன் வாங்கிய சொல்

ஒரு கம்பியின் ஒரு முனையை விட்டத்தில் கட்டி, மறுமுனையில் எடையைத் தொங்கவிடுகிறோம். கம்பிக்குள் ஓரலகுப் பரப்பில் எழும் மீள்விசை தகைவு எனப்படும். கம்பி சற்றே நீள்கிறது. அந்த நீட்சிக்கும் தொடக்க நீளத்துக்கும் உள்ள விகிதம் திரிபு எனப்படும். சுமையின் பக்கம் நிற்பது தகைவு. கம்பியில் நேர்ந்த மாறுதலைச் சொல்வது திரிபு.

தகைவுக்கு ஆங்கிலத்தில் ஸ்ட்ரெஸ் என்று பெயர். மன அழுத்தத்துக்கும் அதே பெயர்தான். இந்தச் சொல்லை உடலியலில் நிலைநாட்டியவர் ஹான்ஸ் செல்யே. வியன்னாவில் பிறந்து, கனடாவின் மான்ட்ரியால் நகரில் ஆய்வு நடத்தியவர். எலிகளைக் கடுங்குளிரில் வைத்தாலும், அளவுக்கு மீறி ஓடவிட்டாலும், வெவ்வேறு மருந்துகளைச் செலுத்தினாலும், அவற்றின் உடலில் ஒரே விதமான மாறுதல்கள் தோன்றுவதை அவர் கண்டார். அட்ரீனல் சுரப்பி பெருத்தது. தைமஸ் சுரப்பி சுருங்கியது. இரைப்பையில் புண் உண்டாயிற்று. இதை 1936ஆம் ஆண்டில் 'நேச்சர்' இதழில் ஒரு சிறு கடிதமாக வெளியிட்டார். சுமை எதுவாயினும் உடல் பொதுவான ஒரு முறையில் எதிர்வினை காட்டுகிறது என்ற இந்தக் கருத்துக்குத்தான் பின்னர் ஸ்ட்ரெஸ் என்ற பெயர் நிலைத்தது.

இதில் ஒரு சுவையான செய்தி உண்டு. செல்யே விவரித்தது சுமையை அன்று, சுமையால் உடலில் நேரும் மாறுதலை. அப்படியானால் அதற்குத் திரிபு என்றல்லவா பெயரிட்டிருக்க வேண்டும்? தமக்கு ஆங்கிலம் இன்னும் நன்றாகத் தெரிந்திருந்தால் அப்படித்தான் பெயரிட்டிருப்பேன் என்று பிற்காலத்தில் அவரே கூறியிருக்கிறார்.

தமிழில் நாம் 'மன அழுத்தம்' என்கிறோம். அழுத்தம், தகைவு இரண்டுக்கும் இயற்பியலில் அலகு பாஸ்கல். மன அழுத்தத்தைப் பாஸ்கலில் சொல்ல முடியாது. பெயரைக் கடன் வாங்கினோம். அலகு கூடவே வரவில்லை.

ஆனால் இயற்பியல் கற்றுத்தரும் ஒரு வேறுபாட்டை மட்டும் மறவாதீர்கள். ஒரே எடையை ஓர் எஃகுக் கம்பியிலும் அதே தடிப்புள்ள ரப்பர் இழையிலும் தொங்கவிட்டால், சுமை ஒன்றே. திரிபு வேறு வேறு. ஒரே இரவு ரோந்துக்குப் போய் வரும் இரு காவலர்களில் ஒருவர் காலையில் இயல்பாக இருக்கலாம். மற்றவர் துவண்டு போயிருக்கலாம். முன்னவர் வலியவர், பின்னவர் மெலியவர் என்று இதற்குப் பொருள் இல்லை. உடல்நிலை, வயது, வீட்டில் உள்ள நிலைமை, முந்தைய வாரம் கிடைத்த தூக்கம், தோள்கொடுக்கும் தோழர் இவையெல்லாம் சேர்ந்தே திரிபைத் தீர்மானிக்கின்றன. ஆகவே சுமையையும் அளக்க வேண்டும். திரிபையும் அளக்க வேண்டும்.

உடல் சொல்லும் சாட்சி

திரிபை உடலிலேயே அளந்தால் என்ன? ஆபத்து நேரும்போது அட்ரீனல் சுரப்பி அட்ரீனலினைச் சுரக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது. தசைகளுக்கு இரத்தம் விரைகிறது. சண்டையிடவோ தப்பி ஓடவோ உடல் ஆயத்தமாகிறது. சற்று நேரம் கழித்து அதே சுரப்பியின் புறப்பகுதி கார்டிசால் என்ற இயக்குநீரை மிகுதியாக விடுகிறது. இது இரத்தத்தில் சர்க்கரையை உயர்த்தி, நீண்ட போராட்டத்துக்கு வேண்டிய எரிபொருளைத் தருகிறது. ஆபத்து விலகியதும் இவை தணிந்துவிட வேண்டும். தணியவிடாமல் நாள்தோறும் சுமை தொடர்ந்தால்தான் தொல்லை. தூக்கம் கெடுகிறது, இரத்த அழுத்தம் உயர்கிறது, இதய நோய்க்கு வழி பிறக்கிறது.

கார்டிசாலை அளக்க ஊசி குத்த வேண்டியதில்லை. சிறு பஞ்சுச் சுருளை வாயில் வைத்து எடுத்தால் போதும், உமிழ்நீரிலேயே அளந்துவிடலாம். அமெரிக்காவின் பஃபலோ நகரக் காவலர்களிடம் ஜான் வயலாந்தி என்ற ஆய்வாளரின் குழுவினர் பல ஆண்டுகளாக இத்தகைய ஆய்வை நடத்தி வந்துள்ளனர். உமிழ்நீரில் கார்டிசால், இரத்தக் குழாயின் நிலை, மணிக்கட்டில் கட்டும் கருவியால் தூக்கம் எனப் பலவற்றை அளந்தனர்.

அப்படியானால் வேலை முடிந்தது என்று எண்ணாதீர்கள். இதில் இரு இடர்கள் உள்ளன. கார்டிசால் நாள் முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. கண் விழித்த அரைமணி, முக்கால் மணி நேரத்தில் உச்சத்துக்கு ஏறி, பிறகு படிப்படியாகக் குறைந்து, நள்ளிரவை ஒட்டி மிகவும் தாழ்ந்திருக்கும். ஒருவரிடம் காலை 7 மணிக்கும் மற்றவரிடம் மாலை 7 மணிக்கும் எடுத்த அளவுகளை ஒப்பிட்டால் விடை பிழையாகும். இரவுப் பணி பார்ப்பவருக்கு இந்த ஒழுங்கே குலைந்திருக்கும். இது முதல் இடர்.

இரண்டாவது இடர் இன்னும் பெரியது. உடல் 'எவ்வளவு' என்று ஓரளவு சொல்லும். 'எதனால்' என்று சொல்லாது. மாடிப்படி ஏறினாலும் நாடி துடிக்கும். மேலதிகாரி திட்டினாலும் துடிக்கும். நாடியைப் பிடித்துப் பார்த்து எது காரணம் என்று கண்டுபிடிக்க இயலாது. காரணம் தெரியாமல் பரிகாரம் எப்படிச் செய்வது? அதற்கு அவரையேதான் கேட்க வேண்டும்.

கேள்வித்தாளே கருவி

"உங்களுக்கு மன அழுத்தம் இருக்கிறதா?" என்று நேரே கேட்டால் சிலர் "ஆம்" என்பர், பலர் "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்பர். இது அளவாகாது. அமெரிக்க உளவியலாளர் ரென்சிஸ் லிக்கர்ட் 1932ஆம் ஆண்டில் ஓர் எளிய வழியைக் கூறினார். ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, 'முற்றிலும் ஒப்புகிறேன்' முதல் 'முற்றிலும் மறுக்கிறேன்' வரை ஐந்து படிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு படிக்கும் ஓர் எண். இப்படிப் பல வாக்கியங்களின் எண்களைக் கூட்டினால் ஒரு மதிப்பெண் கிடைக்கும்.

இந்த வழியில், பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏ. கே. ஸ்ரீவாஸ்தவா, ஏ. பி. சிங் ஆகிய இருவரும் 1981ஆம் ஆண்டில் பணி அழுத்தக் குறியெண் என்ற படிவத்தை உருவாக்கினர். அதில் 46 வாக்கியங்கள். அவை 12 தலைப்புகளில் அடங்கும். வேலைப் பளு, என்ன செய்ய வேண்டும் என்பதில் தெளிவின்மை, ஒன்றுக்கொன்று முரணான கட்டளைகள், குழுக்களும் அரசியலும் தரும் நெருக்குதல், பிறருக்காகப் பொறுப்பேற்றல், முடிவெடுப்பதில் பங்கின்மை, அதிகாரமின்மை, உடன் பணியாற்றுவோருடன் பிணக்கு, சலிப்பூட்டும் வேலை, மதிப்புக் குறைவு, கடினமான பணிச்சூழல், உழைப்புக்கேற்ற பயனின்மை ஆகியவையே அந்தப் பன்னிரண்டு. இப்படிவம் இந்தியாவில் பல தொழிலினரிடம் பயன்படுத்தப்பட்டு வந்திருக்கிறது. காவலர்களும் அவர்களுள் அடங்குவர்.

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். ஆகவே மொத்தம் குறைந்தது 46, மிகுந்தது 230. இங்கே ஒரு நுட்பம் உண்டு. எல்லா வாக்கியங்களும் ஒரே திசையில் அமைந்திருப்பதில்லை. கீழ்க்கண்ட இரண்டையும் பாருங்கள். (இவை அந்தப் படிவத்தில் உள்ளவை அல்ல, விளக்கத்துக்காக நான் எழுதியவை.)

அ. எனக்குத் தரப்படும் வேலை ஒரு நாளில் முடிக்கக்கூடியதாக இருப்பதில்லை.

ஆ. ஐயம் எழுந்தால் யாரைக் கேட்பது என்பது எனக்குத் தெளிவாகத் தெரியும்.

'அ'வை முற்றிலும் ஒப்புபவருக்கு அழுத்தம் மிகுதி, எனவே 5. 'ஆ'வை முற்றிலும் ஒப்புபவருக்கு அழுத்தம் குறைவு, எனவே 1. ஸ்ரீவாஸ்தவா, சிங் படிவத்தில் 28 வாக்கியங்கள் முதல் வகை. 18 வாக்கியங்கள் இரண்டாம் வகை. ஏன் இந்த ஏற்பாடு? படிக்காமலே எல்லாவற்றிலும் 'முற்றிலும் ஒப்புகிறேன்' என்று குறிபோட்டு நீட்டுபவர் உண்டு அல்லவா? எல்லாம் ஒரே திசையில் இருந்தால் அவருக்கு 230 கிடைத்துவிடும். இந்த ஏற்பாட்டில் அவர் பெறுவது 28 × 5 + 18 × 1 = 158. நடு மதிப்பெண்ணாகிய 138ஐ நோக்கி அவர் இழுக்கப்படுகிறார். அதோடு, அவருடைய விடைகள் ஒன்றோடொன்று முரண்படுவதால் அகப்பட்டும் கொள்வார்!

கருவி சரியானதா?

திருகு அளவியைக் கையில் எடுத்ததும் முதலில் என்ன செய்கிறீர்கள்? சுழிப் பிழை இருக்கிறதா என்று பார்க்கிறீர்கள். பிறகு கம்பியின் விட்டத்தைப் பல இடங்களில் அளந்து, அளவுகள் ஒத்துவருகின்றனவா என்று பார்க்கிறீர்கள். கேள்வித்தாளுக்கும் இந்த இரு சோதனைகள் உண்டு.

அளவுகள் ஒத்துவருவதை நம்பகத்தன்மை என்பர். 46 வாக்கியங்களை 23, 23 என இரு பாதிகளாகப் பிரித்து, ஒரு பாதியில் மிகுந்த மதிப்பெண் பெற்றவரே மறுபாதியிலும் மிகுந்த மதிப்பெண் பெறுகிறாரா என்று பார்ப்பது ஒரு முறை. இந்த ஒப்புமையை 0 முதல் 1 வரை ஓர் எண்ணால் குறிப்பர். மேற்கூறிய படிவத்துக்கு அது 0.935 என்று அதை உருவாக்கியவர்கள் கண்டனர். இது நல்ல மதிப்பு.

ஆனால் நம்பகமான கருவியும் பொய் சொல்லக்கூடும். சுழிப் பிழையுள்ள திருகு அளவி, பத்து முறை அளந்தாலும் அதே தவறான விடையைத் தரும். எனவே ஏற்புடைமை என்ற இரண்டாவது சோதனை தேவை. அளக்க எண்ணியதைத்தான் படிவம் அளக்கிறதா? மிகுந்த மதிப்பெண் பெற்றவர்களிடம் தூக்கக் குறைவு, இரத்த அழுத்தம், வேலையில் வெறுப்பு முதலியவையும் மிகுந்து காணப்படுகின்றனவா? இப்படி வேறு அளவுகளோடு பொருத்திப் பார்த்தே ஏற்புடைமையை உறுதி செய்ய வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 160 பெற்றவருக்கு, 80 பெற்றவரைப் போல் இரு மடங்கு அழுத்தம் என்று சொல்லலாமா? கூடாது. கனிமங்களின் கடினத்தன்மைக்கான மோஸ் அளவுகோல் உங்களுக்குத் தெரியும். ஃபிரெடரிக் மோஸ் 1812ஆம் ஆண்டில் அமைத்தது. அதில் குருந்தம் 9, வைரம் 10. ஆனால் உண்மையில் வைரம் குருந்தத்தைவிடப் பல மடங்கு கடினமானது. அந்த எண்கள் வரிசையைச் சொல்கின்றனவே தவிர, மடங்கைச் சொல்லவில்லை. மன அழுத்த மதிப்பெண்ணும் அந்த இனத்தைச் சேர்ந்தது. எது மிகுதி, எது குறைவு என்று அறிய உதவும். 'சராசரி 141.37' என்று இரண்டு தசம இடங்களுக்கு எழுதினால், அது அளவுக்கு மீறிய துல்லியம். சாதாரண அடிக்கோலால் தலைமுடியின் தடிப்பை அளந்தேன் என்பதைப் போன்றது.

இரு ஊர்களில் அளப்பதென்றால்?

இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் உள்ள காவலர்களின் பணி அழுத்தத்தை அளக்கும் பொறுப்பு உங்களிடம் தரப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். எப்படித் தொடங்குவீர்கள்?

விருதுநகர் மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓரத்தில், சுமார் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள ஊர்கள் இவை. ஆனால் இரண்டின் இயல்பும் வேறு. இராஜபாளையம் நூற்பாலைகள் நிறைந்த தொழில் நகரம். ஸ்ரீவில்லிபுத்தூர் கோயில் நகரம். மாவட்ட முதன்மை நீதிமன்றமும் அங்கேதான் இருக்கிறது. ஓரிடத்தில் போக்குவரத்தும் தொழிலாளர் பிரச்சினைகளும் மிகலாம். மற்றோரிடத்தில் திருவிழாப் பந்தோபஸ்தும், கைதிகளையும் சாட்சிகளையும் நீதிமன்றத்துக்குக் கொண்டுவரும் பணியும் மிகலாம். கொல்லம் நெடுஞ்சாலை இரண்டு ஊர்களையும் ஊடுருவிச் செல்வதால், ஐயப்ப பக்தர்கள் செல்லும் கார்த்திகை, மார்கழி மாதங்களில் சாலைப் பணி இரண்டிலும் கூடும். ஆகவே இரண்டு ஊர்களையும் ஒரே பையில் போட்டுக் குலுக்காமல், தனித்தனியே கணக்கிட வேண்டும்.

அடுத்து, யாரைக் கேட்பது? நிலையத்துக்குள் நுழைந்து கண்ணில் பட்டவரையெல்லாம் கேட்டால் போதாது. பாராப் பணியில் நிற்பவர், நிலைய எழுத்தர், ரோந்து செல்பவர், தலைமைக் காவலர், சார்பு ஆய்வாளர், ஆய்வாளர் எனப் பலர் உள்ளனர். ஆண்களும் பெண்களும் உள்ளனர். ஒவ்வொரு பிரிவிலும் பெயர்களைச் சீட்டெழுதிக் குலுக்கி எடுக்க வேண்டும். அன்று நிலையத்தில் இல்லாதவர்களையும் விட்டுவிடக் கூடாது. மருத்துவ விடுப்பில் இருப்பவர்தான் ஒருவேளை மிகுந்த அழுத்தத்துக்கு ஆளானவராக இருக்கக்கூடும். அவரை விட்டுவிட்டுக் கணக்கெடுத்தால், உடைந்த கம்பிகளை ஒதுக்கிவிட்டு, உடையாதவற்றை மட்டும் சோதித்து, "எல்லாக் கம்பிகளும் உறுதியானவை" என்று சொல்வதாகும்.

எத்தனை பேர் வேண்டும்? 25 பேரின் சராசரியில் உள்ள தடுமாற்றம், 100 பேரைக் கேட்டால் பாதியாகக் குறையும். 400 பேரைக் கேட்டால் கால்பங்காகும். ஆட்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் தடுமாற்றம் அமைகிறது. எனவே ஊருக்கு 25 பேரை மட்டும் கேட்டு, ஓர் ஊரின் சராசரி மற்றதைவிட 3 மதிப்பெண் கூடுதல் என்று கண்டால், உடனே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். அது வெறும் தற்செயலாகவும் இருக்கலாம்.

எப்போது கேட்பது? ஆடிப்பூர வாரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரிலும், சாதாரண வாரத்தில் இராஜபாளையத்திலும் கேட்டால் ஒப்பீடு பாழாகும். இரண்டு ஊர்களிலும் ஒரே வாரத்தில் கேட்க வேண்டும். முடிந்தால் திருவிழாக் காலத்தில் ஒரு முறையும் அமைதியான காலத்தில் ஒரு முறையும் கேட்பது நல்லது.

இறுதியாக, யார் கேட்பது? இதுதான் எல்லாவற்றிலும் கடினமானது. ஒரு சிறு கிண்ணத்தில் சிறிதளவு வெந்நீர் இருக்கிறது. அதில் தடித்த, குளிர்ந்த வெப்பமானியை நுழைத்தால் என்ன ஆகும்? வெப்பமானியே நீரைக் குளிரச் செய்துவிடும். நீங்கள் படிப்பது பழைய வெப்பநிலையை அன்று. அளக்கும் செயலே அளக்கப்படுவதை மாற்றிவிடுகிறது. மருத்துவரைக் கண்டதும் சிலருக்கு இரத்த அழுத்தம் ஏறிவிடுவதும் இப்படித்தான். படிவத்தை மேலதிகாரியே கொடுத்து, பெயரெழுதி வாங்கினால், "மேலதிகாரியின் நடத்தை எனக்கு வேதனை தருகிறது" என்ற வாக்கியத்துக்கு எந்தக் காவலர் உண்மையான விடை தருவார்? கட்டளைக்குக் கீழ்ப்படிவதே கடமையாகக் கொண்ட துறை அது. ஆகவே பெயர் இருக்கக் கூடாது. துறைக்கு வெளியே உள்ளவர் கேட்க வேண்டும். படிவங்கள் மூடிய பெட்டியில் விழ வேண்டும். விருப்பமில்லாதவர் மறுக்கவும் உரிமை வேண்டும். இவை வெறும் மரியாதைகள் அல்ல. இவை இல்லையேல் அளவு பிழையாகும்.

கடிகாரமும் நாள்காட்டியும்

சுமையின் ஒரு பகுதிக்கு மட்டும் அலகு உண்டு. அது நேரம். ஒருவர் நாளைக்கு எத்தனை மணி உழைக்கிறார், மாதத்தில் எத்தனை நாள் ஓய்வு பெறுகிறார் என்பதைக் கடிகாரத்தாலும் நாள்காட்டியாலும் அளந்துவிடலாம்.

மத்திய அரசின் காவல்துறை ஆராய்ச்சி வளர்ச்சிப் பணியகத்துக்காக, ஐதராபாத்தில் உள்ள இந்திய நிர்வாகப் பணியாளர் கல்லூரி இத்தகைய ஆய்வொன்றை நடத்தியது. 2014ஆம் ஆண்டில் அதன் அறிக்கை வெளிவந்தது. பல மாநிலங்களில் 12,000க்கும் மேற்பட்ட காவல் நிலையப் பணியாளர்கள் விடையளித்தனர். ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் நாளைக்கு 8 மணி நேரத்துக்கு மேல் பணியாற்றுவதாக அந்த ஆய்வு கண்டது. தம் நிலையத்தில் பணியாளர்கள் 11 மணி நேரமோ அதற்கு மேலோ பணியில் இருக்க வேண்டியிருக்கிறது என்று நிலையப் பொறுப்பு அதிகாரிகளில் 68 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் கூறினர். மாதத்துக்கு ஒரு முறைகூடப் பணியாளர்களால் வார ஓய்வு எடுக்க முடிவதில்லை என்று 73.6 விழுக்காட்டினர் கூறினர்.

காவலரின் மன அழுத்தம் என்றதும் நம் மனத்தில் என்ன தோன்றுகிறது? திரைப்படத்தில் காண்பதுபோல் கத்தி, துப்பாக்கி, துரத்தல். ஆபத்து உண்மையே, அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் பல நாடுகளின் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுவது வேறொன்று. முடிவில்லாத வேலை நேரம், கிடைக்காத விடுப்பு, திடீரென மாறும் கட்டளை, மரியாதையற்ற பேச்சு, குவியும் எழுத்து வேலை ஆகியவை ஆபத்துக்கு இணையாகவும், சில சமயம் அதைவிட மிகுதியாகவும் காவலரை வாட்டுகின்றன. கனடாவைச் சேர்ந்த டொனால்ட் மெக்ரியரி, மேகன் தாம்சன் இருவரும் 2006ஆம் ஆண்டில் காவலர்களுக்கென்றே கேள்வித்தாள்களை அமைத்தபோது, களப்பணி தரும் அழுத்தத்துக்கு 20 கேள்விகளும், நிர்வாகம் தரும் அழுத்தத்துக்குத் தனியே 20 கேள்விகளும் வைத்தது இதனால்தான்.

பலமுறை வளைத்த கம்பி

பரிகாரத்துக்கும் இயற்பியல் வழிகாட்டுகிறது. கம்பியில் தகைவைக் குறைக்க இரண்டே வழிகள்: விசையைக் குறைக்க வேண்டும், அல்லது பரப்பைக் கூட்ட வேண்டும். காவலருக்கு விசையைக் குறைப்பது என்றால் வேலை நேரத்தைக் குறைப்பது. பரப்பைக் கூட்டுவது என்றால் அதே வேலையைக் கூடுதல் ஆட்களிடம் பகிர்ந்து கொடுப்பது. மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. அது கம்பியையே உறுதியாக்குவது, அதாவது மனத்துக்குப் பயிற்சி தருவது.

தமிழ்நாட்டில் மூன்றாம் வழியில் ஒரு முயற்சி 2018ஆம் ஆண்டில் தொடங்கியது. பெங்களூருவில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸுடன் சேர்ந்து, காவலர் நிறைவாழ்வுப் பயிற்சி என்ற திட்டத்தைக் காவல்துறை மேற்கொண்டது. முதல் வழியில் ஒரு முயற்சி 2021ஆம் ஆண்டில் நடந்தது. அந்த ஆண்டு நவம்பரில் காவலர்களுக்கு வார ஓய்வு அளிக்கும் ஆணையைத் தமிழ்நாடு அரசு பிறப்பித்தது.

ஒரு நாள் ஓய்வில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஒரு கம்பியை ஒருமுறை வளைத்தால் ஒடிவதில்லை. அதே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்தால், சிறிய விசைக்கே ஒடிந்துவிடுகிறது. உலோகச் சோர்வு என்று இதைச் சொல்வோம். மனிதனுக்கும் அப்படியே. ஆனால் பெரியதொரு வேறுபாடு உண்டு. சோர்ந்த உலோகம் ஓய்வு கொடுத்தாலும் பழைய நிலைக்கு மீளாது. சோர்ந்த மனிதர் தூக்கத்தாலும் ஓய்வாலும் மீள்கிறார். அதனால்தான் நாள்காட்டியில் ஒரு நாள் இவ்வளவு மதிப்புப் பெறுகிறது. ஆணை வெளிவந்தால் போதுமா? அந்த நாள் உண்மையில் கிடைக்கிறதா, கிடைத்தபின் அழுத்தம் குறைகிறதா என்று மீண்டும் அளந்து பார்த்தாலன்றித் தெரியாது.

எண் யாருக்காக?

அளவுக்கு ஓர் ஆபத்தும் உண்டு. "இன்னார் 190 பெற்றிருக்கிறார், இவர் பலவீனர், பதவி உயர்வு கொடுக்காதே" என்று யாராவது பயன்படுத்தினால், அடுத்த முறை ஒருவரும் உண்மை சொல்ல மாட்டார். கருவி அன்றோடு கெட்டது. இத்தகைய படிவம் ஆளைத் தரம் பிரிக்க ஏற்பட்டதன்று. எந்த வேலையில், எந்த நிலையத்தில், எந்தத் தலைப்பில் சுமை கூடியிருக்கிறது என்று காட்ட ஏற்பட்டது. பாலத்தில் தகைவை அளக்கும் பொறியியலாளர் தூணைக் குறை சொல்வதில்லை, சுமையைச் சரிசெய்கிறார். மேலும், இது நோயைக் கண்டறியும் கருவியும் அன்று. அதை மருத்துவர்தான் செய்ய வேண்டும்.

உங்களில் சிலருடைய தந்தையோ தாயோ காவல்துறையில் பணியாற்றலாம். பண்டிகை நாளில் உங்கள் வீட்டில் மட்டும் ஓரிடம் காலியாக இருந்திருக்கலாம். அந்தக் காலியிடமும் ஒரு சுமைதான். அதை வீட்டிலுள்ள எல்லாரும் சுமக்கிறீர்கள். "எல்லாருக்கும்தான் கஷ்டம்" என்ற பேச்சில் மறைந்துவிடுகிற அந்தச் சுமை, முறையாக அளந்து எண்ணாக எழுதப்படும்போது, ஆட்சியாளரின் மேசைக்குச் சென்று பேசும் வலிமை பெறுகிறது.

நீங்களே செய்து பாருங்கள்

தேர்வு நேரப் பதற்றத்தை அளக்க ஒரு படிவம் தயாரியுங்கள். பத்து வாக்கியங்கள் போதும். ஐந்து பதற்றத்தைச் சொல்வதாகவும், ஐந்து அமைதியைச் சொல்வதாகவும் கலந்து எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து படிகள். ஆசிரியரின் அனுமதி பெற்று, விரும்பும் மாணவர்களிடம் மட்டும் கொடுங்கள். பெயர் வேண்டாம், ஒவ்வொருவரும் தமக்கு மட்டும் தெரிந்த ஓர் அடையாளக் குறியை மூலையில் போடட்டும்.

அமைதி வாக்கியங்களுக்கு மதிப்பெண்ணைத் திருப்ப மறவாதீர்கள். 6லிருந்து கழித்தால் சரியான எண் கிடைக்கும். வாக்கியங்களை இரண்டு பாதிகளாகப் பிரியுங்கள். இரண்டு பாதியிலும் இரு வகையும் ஏறக்குறைய சமமாக இருக்கட்டும். ஒவ்வொரு படிவத்திலும் முதல் பாதியின் கூட்டுத்தொகையை வரைபடத் தாளில் கிடை அச்சிலும், இரண்டாம் பாதியின் கூட்டுத்தொகையைக் குத்து அச்சிலும் குறியுங்கள். புள்ளிகள் ஒரு சாய்கோட்டை ஒட்டி அமைந்தால் உங்கள் கருவி நம்பகமானது. கலைந்து கிடந்தால் வாக்கியங்களைத் திருத்துங்கள். தேர்வுக்கு ஒரு மாதம் முன்பு ஒரு முறையும், தேர்வு வாரத்தில் ஒரு முறையும் கொடுத்து, அடையாளக் குறியைக் கொண்டு இரண்டு அளவுகளையும் ஒப்பிடுங்கள்.

மதிப்பெண் மிகுந்த குறி யாருடையது என்று ஆராயாதீர்கள். ஆனால் நண்பர் எவரேனும் தாமே வந்து மனம் தாளவில்லை என்று சொன்னால், கேலி செய்யாமல் காது கொடுத்துக் கேளுங்கள். நம்பிக்கைக்குரிய பெரியவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் மனநல உதவியும் கிடைக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

வரைபடத்தில் புள்ளிகள் எப்படி அமைந்தன என்பதை உங்கள் இயற்பியல் ஆசிரியரிடம் காட்டுங்கள். திருகு அளவியோடு அந்தத் தாளையும் ஒரு கருவியாக அவர் ஏற்றுக்கொள்கிறாரா என்று பாருங்கள்!